பிரேக்கக்கா பற்றி ஒரு வதந்தி

பிரேக்கக்கா நகரசபைக்கு நிற்கப்போகிறாராம்; மேடையில் சிரிக்கும்போது எடுப்பாக இருக்கவேண்டும் என்று முன்பல்லைக்கூட அடைத்துக்கொண்டுவிட்டாராம். தையற்கடையில் ஒருத்தி சொன்னதைச் சலவைக்கடையில் இன்னொருத்தி கேட்டு, ரொட்டி வாங்க வந்த இடத்தில் தன் காதில் போட்டுவிட்டுப் போனதாகப் பேக்கரிக்காரரின் மனைவி சொன்னார். சொன்ன இடம் ரவுண்டானாவின் வாசல். சொன்ன நேரத்தில் அவருடைய இரண்டு கைகளும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தன, கண் சாலையைவிட்டு அசையவில்லை. கேட்டுக்கொண்டு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தவர் பிரேக்கக்காவேதான்.

“யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா” என்று வாலையும் சேர்த்துவிட்டார்.

கார் குலுங்கி நின்றது. நிறுத்தியது பேக்கரிக்காரரின் மனைவி அல்ல. பின்னால் நான்கைந்து ஹாரன்கள் ஒன்றாகத் தொண்டையைத் திறந்தன.

“என்னக்கா! நான் சரியாத்தானே போனேன்?”

“சரியாத்தான் போனே. நாய் ஒண்ணு குறுக்க வந்துச்சு.”

“நாயா? எங்க?”

“போயிடுச்சு. வண்டிய எடு.”

அன்றைக்கு வேட்புமனு கொடுக்கக் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்கு நகரசபை அலுவலகத்தின் கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்குள் வேறு யாரும் போகாவிட்டால், காலியாகக் கிடக்கும் ஒரே ஓர் இடத்துக்குப் பேக்கரிக்காரரின் தம்பி போட்டியின்றி உறுப்பினர் ஆகிவிடுவார். ஊரில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்து நூறு வருடம் ஆனதைக் கொண்டாடப்போகிற வாரமும் அதுவேதான். இந்த இரண்டையும் சேர்த்து நினைக்கிற போதெல்லாம் பிரேக்கக்காவின் வலது கால் தானாகப் போய்த் தரையை அழுத்தும்.

அந்தக் காலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அவர் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். சொல்லிக்கொடுக்கிறவர் பக்கத்திலும் ஒரு பிரேக்கும் கிளட்சும் பொருத்திய சின்ன வெள்ளைக் கார். மாணவி எதில் கொண்டுபோய் மோதப் பார்த்தாலும் அதற்கு ஒரு நொடி முன்னால் இவர் கால் முந்திக்கொள்ளும். நாள் முழுக்க அந்தப் பெடலுக்கு மேலேயே காவல் காத்துப் பழகிய கால் வீட்டுக்கு வந்தாலும் ஓய்வதில்லை. சினிமாவில் கதாநாயகன் வேகமாக ஓட்டினால் முன்னிருக்கைக்காரரின் முதுகில் உதை விழும். கூட்டத்தில் யாராவது பேச்சை நீட்டினால் நாற்காலிக்கு அடியில் டொக்கென்று ஒரு சத்தம் கேட்கும். சோபாவுக்கு முன்னால் விரித்த கம்பளத்தில் ஓர் இடம் மட்டும் நூல் நூலாகப் போய்விட்டது. “எலி கடிச்சிருக்கும்” என்று வந்தவர்களிடம் சொல்லிவிடுவார் அவர் வீட்டுக்காரர்.

காரின் டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தால், அழுகிறவர்களுக்குக் காகிதக் கைக்குட்டை, தொண்டை வறண்டவர்களுக்கு மிட்டாய், குதிகால் உயர்ந்த செருப்போடு வந்து நிற்பவர்களுக்காக ஒரு ஜோடி தட்டைச் செருப்பு. உயரம் போதாதவர்களுக்குப் பின்னிருக்கையில் ஒரு குஷன். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் வருவார்கள், கணவனை இழந்தவர்கள் வருவார்கள். எல்லாரையும்விட அவர் அதிகம் பிரியம் வைத்திருப்பது வேறொரு வகையினர்மேல். எப்போதோ லைசென்ஸ் வாங்கி அலமாரியில் துணிக்கு அடியில் பத்திரமாக வைத்துவிட்டு, ‘அவர் இருக்கும்போது நான் எதுக்கு எடுக்கணும்’ என்று வருடக்கணக்கில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தே வந்தவர்கள். “உனக்கு நான் கத்துக்கொடுக்க ஒண்ணும் இல்லம்மா, சாவிய எங்க வெச்சிருக்காருன்னு மட்டும் கண்டுபிடி” என்பார் அவர்களிடம்.

பாடம் நடத்தும் பாஷையே தனி. “கண்ணாடியப் பாரு, ஆனா அங்கயே குடியேறிடாதே.” “பின்னாடி ஹாரன் அடிக்கிறவன் உனக்கு மாமனாரா? அடிக்கட்டும்.” “ரவுண்டானாவுக்குள்ள போயி யோசிக்கக் கூடாது. எந்த வழின்னு வெளியிலேயே முடிவு பண்ணிட்டு உள்ள போ.” காருக்குள் இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்திருப்பதால் யாரும் யார் முகத்தையும் பார்க்கவேண்டியதில்லை. அதனால் மாமியாரிடமும் டாக்டரிடமும் சொல்லாததைக்கூடப் பெண்கள் இவரிடம் சொல்வார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். பதிலுக்கு எப்போதாவது ஒரு வதந்தியைக் கொடுத்தனுப்புவார்.

பொய் வேறு, வதந்தி வேறு என்பது அவர் கட்சி. பொய் என்பது நடந்துபோனதைப் பற்றி. வதந்தி என்பது நடக்கவேண்டியதைப் பற்றி. அவருடைய வதந்திகள் எல்லாம் ஒரே ஜாதி: இன்ன பெண் இன்ன பதவிக்கு நிற்கப்போகிறாராம். ரவுண்டானாவை நெருங்கும்போதுதான் சொல்வார். பயத்தில் இருக்கிறவர்கள் காதில் விழுந்தது மறக்காது. எதற்கும் உதவாத ஒரு தகவலை நடுவில் செருகுவார், அப்போதுதான் நம்புவார்கள். கடைசியில் யாரிடமும் சொல்லாதே என்று வால். அதற்குப் பிறகு அவருக்கு வேலை இல்லை. ஊர் பார்த்துக்கொள்ளும்.

முதலில் மாட்டியவர் மருந்துக்கடை நடத்தும் மாத்திரை மேடம். மேடம் சபைக்கு நிற்கிறார், மேடையில் படிக்கத் தோதாகக் கண்ணாடிகூட மாற்றிவிட்டார் என்று செய்தி போயிற்று. மேடம் மறுத்தார். இருமல் மருந்து கொடுக்கும்போது மறுத்தார், களிம்பு கொடுக்கும்போது மறுத்தார். மறுக்க மறுக்க, வந்தவர்கள் எல்லாரும் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள்: “ஏன், நின்னா என்ன? மூணு வேளையும் ஊருக்கே உத்தரவு போடறீங்க, சாப்பாட்டுக்கு முன்ன, சாப்பாட்டுக்குப் பின்னன்னு. அதையே சபையில போயி போடுங்க.” ஒரு வாரம் போவதற்குள் மறுக்கிற வாய்க்கே சந்தேகம் வந்துவிட்டது. நின்றார், ஜெயித்தார். இன்று சபையில் அவர் எழுந்தால், தூங்குகிற உறுப்பினர்கள் விழித்துக்கொள்கிறார்கள்.

மேடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அது பிரேக்கக்கா யாரிடமும் சொல்லாதது. பிள்ளைகள் பள்ளியில் படித்த காலத்தில், பெற்றோர் சங்கத் தலைவர் பதவிக்கு இவரும் மேடமும் போட்டி போட்டார்கள். ரகசிய வாக்கெடுப்பு. குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து சீட்டைப் பிரித்தார் அக்கா. தன் பெயர் ஒன்று, மேடத்தின் பெயர் ஒன்று. தன் பெயருக்கு எதிரே தானே குறி போடுவது, விருந்துக்குப் போன வீட்டில் தன் தட்டுக்குத் தானே எடுத்துப் போட்டுக்கொள்வதுபோல் கூச்சமாக இருந்தது. மரியாதைக்கு மேடத்துக்குப் போட்டுவிட்டு வந்தார். ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் தோற்றார்.

அன்று சாயங்காலம் மேடம் கையைக் குலுக்கிவிட்டு, “நான் எனக்குத்தான்பா போட்டேன். எனக்கு நானே போடலேன்னா வேற எவ போடுவா?” என்று சாதாரணமாகச் சொன்னார். ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் வந்து, பத்திரமாகவும் போய்ச்சேர்ந்துவிட்டவரைப் பார்ப்பதுபோல் அக்கா அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இதில் ஒரு கிளைக்கதையும் இருக்கிறது. எந்த இடத்துக்கும் பிந்திப்போகாத அக்கா வீட்டுக்காரர், அன்றைக்கென்று அலுவலகத்தில் மாட்டிக்கொண்டு, வாக்கெடுப்பு முடிந்த பிறகு வந்துசேர்ந்தார். தன்னுடைய ஒரு வாக்கு விழாததால்தான் மனைவி தோற்றாள் என்பது இன்றுவரை அவர் நினைப்பு. அந்தக் குற்ற உணர்வில் அன்று இரவு பாத்திரம் கழுவ ஆரம்பித்தவர், இன்னும் கழுவிக்கொண்டிருக்கிறார். அக்கா அவரைத் திருத்தவில்லை. பளிச்சென்று கழுவுகிறார் மனிதர்.

எல்லா வதந்தியும் பலித்ததில்லை. “என் சர்வீஸ்ல ஒரே ஒரு ஆக்சிடென்ட்” என்று அவர் பல்லைக் கடிப்பது பேக்கரி விஷயத்தை நினைத்துத்தான். பேக்கரிக்காரரின் மனைவி கெட்டிக்காரி. கடையில் அடுப்பு, மாவு, வேலையாட்கள், சண்டைக்கு வருகிற வாடிக்கையாளர்கள் எல்லாவற்றையும் குரலை உயர்த்தாமல் சமாளிப்பவர். அவர் நிற்கப்போகிறார் என்று போன தேர்தலுக்கு முன்னால் செய்தியை அவிழ்த்துவிட்டார் அக்கா. அது சுற்றிச் சுற்றி முதலில் போய்ச் சேர்ந்த காது பேக்கரிக்காரருடையது. மனிதர் பயந்துவிட்டார். “ஒரே வீட்லேர்ந்து எதுக்குங்க ரெண்டு பேரு” என்று சொல்லி, ஒருவர்கூடப் போகாத வீட்டிலிருந்து தானே கிளம்பிப் போய் மனுக் கொடுத்தார். ஜெயித்தார். துணைத் தலைவரும் ஆனார். நூற்றாண்டு விழாக் குழுவுக்கு இப்போது அவர்தான் தலைவர்.

அந்தக் குழுவின் கூட்டத்தைப் பார்த்திருக்கவேண்டும். வரவேற்புரை ஓர் ஆண், தலைமையுரை பேக்கரிக்காரர், சிறப்புரை ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், வாழ்த்துரை வரிசையாக மீசைகள். மாத்திரை மேடம் எழுந்து, “பெண்களோட வாக்குரிமை விழாவுல பெண்கள் எங்கங்க?” என்று கேட்டார்.

பேக்கரிக்காரருக்கு உண்மையாகவே மனம் புண்பட்டுவிட்டது. “என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க? பெண்கள் இல்லாம இந்த விழாவே இல்லைங்க. பூங்கொத்து எல்லாம் யாரு கொடுப்பா?”

நாற்காலிக்கு அடியில் டொக்கென்று சத்தம் கேட்டது. அக்காவுக்கு அந்தக் குழுவில் ஒதுக்கப்பட்டிருந்த பொறுப்பு, நீதிபதியை வீட்டிலிருந்து காரில் அழைத்து வருவது.

அக்கா குடியிருக்கும் வார்டின் உறுப்பினர், மகனோடு இருக்க வேறு ஊருக்குப் போய்விட்டதால் அந்த இடம் காலியானது. “போட்டி எதுக்குங்க, வீண் செலவு. நூற்றாண்டு வருஷத்துல ஒத்துமையா இருப்போம்” என்று பேக்கரிக்காரர் தன் தம்பியை நிறுத்தினார். ரொட்டி வண்டி ஓட்டும் தம்பி தங்கமான பையன். நீ சபையில் என்ன பேசப்போகிறாய் என்று யாராவது கேட்டால் அண்ணன் முகத்தைப் பார்ப்பான். அக்கா சும்மா இருப்பாரா? ஊரையே உஷ் என்று அடக்கி வைத்திருக்கும் நூலக அம்மாவைக் குறிவைத்தார். அவர் நிற்கிறார், வாசல் வாசலாக நடக்கப் புதுச்செருப்புகூட வாங்கிவிட்டார் என்று மாணவிகளிடம் ரவுண்டானாவில் சொல்லி அனுப்பினார். அனுப்பிய செய்தி அதே வாலோடுதான் திரும்பி வந்திருக்கிறது. தலை மட்டும் வேறு: நூலக அம்மா இருந்த இடத்தில் பிரேக்கக்கா.

ரவுண்டானாவைத் தாண்டியதும் அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அடைச்சது கடைவாய்ப் பல்லு. முன்பல்லு இல்ல.”

“வதந்தியில பல்லு கொஞ்சம் முன்னாடி வந்துடுச்சுக்கா.”

“நான் பல்லு அடைச்சது எங்க வீட்டுக்காரருக்குத் தெரியும். வலி மாத்திரை கொடுத்த மேடத்துக்குத் தெரியும். வேற யாருக்கும் தெரியாதே.”

பேக்கரிக்காரரின் மனைவி கண்ணாடியைப் பார்த்தார், சிக்னல் போட்டார், ஒரு சைக்கிளுக்கு வழிவிட்டார். எல்லாம் சொல்லிக்கொடுத்த மாதிரியே இருந்தது. பிறகு, “போன வாரம் என் கடை பன்னை இடது பக்கமே வெச்சு மென்னீங்க” என்றார். “தலைய மாத்துனது மேடம். பல்லைச் சேர்த்தது நான்.”

“ஏன்டி! நூலக அம்மாவுக்கு என்ன கேடு?”

“அவங்க வீடு ரோட்டுக்கு அந்தப் பக்கம்க்கா. அது வேற வார்டு. அவங்களால இங்க நிக்கவே முடியாது.”

ஊரில் எந்தச் சந்து எந்த நேரத்தில் ஒருவழி ஆகும், எந்த மேட்டில் வண்டி பின்னால் உருளும் என்பதெல்லாம் தூக்கத்தில்கூடச் சொல்லக்கூடியவர் பிரேக்கக்கா. வார்டு எல்லை எந்தச் சாலையில் ஓடுகிறது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

“சரி, நீ நில்லேன்” என்றார் திடீரென்று. குரலில் பழைய உற்சாகம் வந்துவிட்டது. “உனக்கு என்ன குறைச்சல்? இந்த வார்டுதானே நீயும்?”

“அக்கா, எதுத்தாப்புல நிக்கிறது என் கொழுந்தன். நான் வழிமொழிஞ்சு கையெழுத்துப் போட்டாலே வீட்ல இடி விழும். நின்னா வீடே விழும்.” கியர் மாற்றினார். “அதுவுமில்லாம எனக்கு வந்த வாய்ப்பை நான் அப்பவே விட்டுட்டேன். போன தடவை அந்த வதந்தியக் கிளப்புனது நீங்கதானே?”

அக்கா சன்னல் வழியாக வெளியே பார்த்தார்.

“தெரியும்க்கா. கோவமில்ல. அதைக் கேட்டதும் எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? மாவு பிசைஞ்சுக்கிட்டே மனசுக்குள்ள பேசிப் பார்த்தேன், சபையில பேசற மாதிரி. ரெண்டு நாள் பேசிட்டேயிருந்தேன். கடைக்கு வந்தவங்க அத்தனை பேர்கிட்டயும் ஒண்ணும் சொல்லாம சிரிச்சே சமாளிச்சேன். அப்புறம் அவர் வந்து, ‘என்னது, நீ நிக்கப்போறியாமே’ன்னார். ‘சேச்சே’ன்னுட்டேன். அவ்வளவுதான். யோசிச்சுச் சொல்லல. அதுவா வாயிலேர்ந்து விழுந்துடுச்சு.”

வழக்கமாக இரண்டாவது வழியில் வெளியேறி வீட்டுப் பக்கம் போகிற கார், அடுத்த ரவுண்டானாவில் மூன்றாவது வழியைப் பிடித்தது. அது நகரசபைக்குப் போகிற சாலை.

“ஏய், இந்தப் பக்கம் ஏன் திரும்பற?”

“எந்த வழின்னு வெளியிலேயே முடிவு பண்ணிட்டேன்க்கா. மேடம் அங்க வாசல்ல நிக்கிறாங்க. முன்மொழியறது அவங்க. வழிமொழியறது நான்.”

அக்காவின் கால் பெடலுக்கு மேல் வந்துவிட்டது. அழுத்தினால் கார் நின்றுவிடும். அழுத்த ஒரு காரணம் வேண்டும். சாலையில் நாய்கூட இல்லை. “எனக்குப் பேச வராதும்மா” என்றார்.

“உங்க பேச்சு சுவாரஸ்யத்துல நான் ரெண்டு தடவை சிவப்பு விளக்கைத் தாண்டியிருக்கேன்.”

“தோத்துட்டா?”

இதை அவர் மிக மெல்லிய குரலில் கேட்டார். மற்றவர்களை நிற்கவைத்த காலமெல்லாம் யாரிடமும் இந்தக் கேள்வியை அவர் அனுமதித்ததில்லை.

“தோத்தா எனக்கு வகுப்பு எடுங்க. ஜெயிச்சாலும் எடுங்க. நான் இன்னும் பார்க்கிங் பழகல.”

ஒரு சிக்னலில் நின்று, பச்சை விழுந்து, கிளம்பிய பிறகு, சாலையைப் பார்த்தபடியே அக்கா ஆரம்பித்தார். குட்டி நாற்காலி, சீட்டு, இரண்டு பெயர். “எனக்கு நானே போட்டுக்கல” என்று முடித்தார்.

“அப்புறம் யாருக்குப் போட்டீங்க?”

“மேடத்துக்கு.”

பேக்கரிக்காரரின் மனைவி சிரித்த சிரிப்பில் கார் பாதையைவிட்டு ஒதுங்கப் பார்த்தது. “ஐயோ! மேடத்துக்கு இது தெரியுமா?”

“தெரிஞ்சா அவ சிரிச்சே செத்துடுவா.”

“உங்க வீட்டுக்காரருக்கு?”

“அவர் நல்லா பாத்திரம் கழுவிட்டிருக்கார். கெடுத்துடாதே.”

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகு, அந்தப் பெண் வேறு குரலில் பேசினார். “எங்க வீட்டுக்காரர் உங்களுக்குப் போன் பண்ணுவார்க்கா. வதந்தி காலையில அவர் காதுக்குப் போயிடுச்சு. எடுத்தீங்கன்னா, ‘என்ன, நிக்கப்போறீங்களாமே’ன்னு சிரிச்சுக்கிட்டே கேப்பார். நீங்களும் ‘சேச்சே’ன்னுதான் சொல்லுவீங்க. உங்க வாய் நீங்க சொல்றதைக் கேக்காது. எனக்குத் தெரியும்.”

நகரசபை வாசலில் காரை நிறுத்தினார். இரண்டு கார்களுக்கான இடத்தில் ஒரு கார் குறுக்காக நின்றது. படிக்கட்டில் வெள்ளைக் கோட்டோடு மாத்திரை மேடம், கடையை அப்படியே பூட்டிவிட்டு வந்து நின்றுகொண்டிருந்தார். “லேட்டு! வாங்க வாங்க. மாத்திரையா இருந்தா எப்பவோ வேலை செஞ்சிருக்கும்” என்று அக்காவின் முழங்கையைப் பிடித்து இழுத்தார். பிறகு பேக்கரிக்காரரின் மனைவியிடம், “கையெழுத்துப் போட்டுட்டு வீட்ல போயி என்ன சொல்லுவே?” என்றார்.

“விழாவுக்கு வாக்குப்பெட்டி மாதிரியே பெரிய கேக்கு வேணும்னு ஊர் பூரா சொல்லி வெச்சிருக்கார். சுடத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான். கேக்கை வெட்டற வரைக்கும் வாயத் திறக்க மாட்டார்.”

உள்ளே விழா ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. பெரிய கூடத்தின் கதவு அகலத் திறந்திருக்க, மேடையில் யாரோ மைக்கை ஊதிப் பார்த்தார்கள். ‘பெண்களின் நூறு ஆண்டுகள்’ என்ற எழுத்துகளை ஏணியில் நின்று ஒட்டிக்கொண்டிருந்தவர் ‘ஆண்’ வரை வந்திருந்தார். கீழே நான்கு பெண்கள் வெறுங்கையில் பூங்கொத்து இருப்பதாக நினைத்துக்கொண்டு யாருக்கோ கொடுத்துப் பழகினார்கள். அந்தக் கதவுக்கு நேர் எதிரேதான் தேர்தல் அலுவலரின் அறை.

வராந்தாவில் பாதி தூரம் போவதற்குள் அக்காவின் கைப்பையில் போன் அடித்தது. ‘பேக்கரி’ என்று எழுத்து மின்னியது. அவர் கை தானாகப் பைக்குள் போனது. ‘சேச்சே’ சொல்ல உதடு தானாகப் பிரிந்தது. மற்ற இரண்டு பெண்களும் நின்று அவர் வாயையே பார்த்தார்கள். கை உள்ளேயே இருந்தது. போன் அடித்து ஓய்ந்தது.

“இப்பத்தான் மூச்சு வருது” என்றார் பேக்கரிக்காரரின் மனைவி.

தேர்தல் அலுவலர் ஜலதோஷம் பிடித்த ஓர் ஒல்லியான அம்மா. சுவர்க் கடிகாரத்தையும் இவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். “யாரு வேட்பாளர்?”

பிரேக்கக்கா வழக்கம்போல் பேக்கரிக்காரரின் மனைவிக்குப் பின்னால் நின்று, அவர் முதுகில் கை வைத்து லேசாக முன்னால் தள்ளிக்கொண்டிருந்தார்.

“நீங்களா?”

“நான் வழிமொழியறவ” என்று அந்தப் பெண் ஒரு பக்கம் விலகினார்.

“நான் முன்மொழியறவ” என்று மேடம் மறுபக்கம் விலகினார்.

தள்ளிய கை அந்தரத்தில் நின்றது. முன்னால் யாரும் இல்லை. மேசையும் ஒரு காலி நாற்காலியும் மட்டும் இருந்தன. அக்கா அதில் உட்கார்ந்தார். பையைக் காலடியில் வைத்தார். மேடமும் பேக்கரிக்காரரின் மனைவியும் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் மருந்துச் சீட்டில் போடுவதுபோல் கிறுக்கினார். மற்றவர் கேக்கின்மேல் எழுதுவதுபோல் ஒவ்வோர் எழுத்தாக, சிந்தாமல் எழுதினார். 

“நிக்க உங்களுக்குச் சம்மதமா?” என்று கேட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார் அலுவலர்.

அக்கா தலையை ஆட்டினார்.

“தலையாட்டினா எடுத்துக்க மாட்டேன். வாயால சொல்லணும். ஆட்டிட்டு அப்புறம் ஆட்டலேங்கிறாங்க.”

“என் கல்யாணத்துக்கே யாரும் என்னை வாயால கேக்கலையே!”

“அது உங்க வீட்டு விஷயம். இது சட்டம். சொல்லுங்க, நேரமாகுது.”

அந்த நேரம் பார்த்து நாற்காலிக்குக் கீழே போன் மறுபடி அடித்தது. அக்கா தலையைத் திருப்பினார். திறந்த இரண்டு கதவுகளுக்கு அப்பால், பெரிய கூடத்தின் மேடை ஓரத்தில், பேக்கரிக்காரர் இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு காதில் போனை வைத்து, மைக் சத்தம் கேட்காமலிருக்க மறு காதை விரலால் அடைத்தபடி நின்றிருந்தார்.

“எடுக்கணும்னா எடுத்துப் பேசிட்டு வாங்க” என்றார் அலுவலர். “முக்கியமானவங்க போலிருக்கு.”

பேக்கரிக்காரரின் மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா, “சம்மதம்” என்றார்.

“கேக்கலைங்க. உங்க போனு கத்துது.”

அவர் குனியவில்லை. அடித்துக்கொண்டிருந்த பையைக் குதிகாலால் நாற்காலிக்கு அடியில் நன்றாகத் தள்ளிவிட்டு, முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றி, அந்தச் சத்தத்துக்கும் மேலே போகிற குரலில் இன்னொரு தடவை சொன்னார். ஏணியில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். பூங்கொத்துப் பெண்கள் நால்வரும் திரும்பினார்கள். காதை அடைத்துக்கொண்டிருந்த ஒருவர் மட்டும், எப்போது எடுப்பார் என்று, போனை இன்னும் நெருக்கமாக வைத்துக்கொண்டு காத்திருந்தார்.